லெனாட் மாமாவின் விசா

பெட்டியை லெனாட் வானுக்குள் தள்ளினார். ஜெசிதா அதை வெளியே இழுத்தாள். சாரதி ஜஸ்ரின் யாருக்குக் கைகொடுப்பது என்று தெரியாமல் பின்கதவைப் பிடித்தபடி நின்றான்.

"விடு பிள்ளை! நாளையோடை விசா முடியுது. ஒரு நாள் கூடினாலும் எயாப்போட்டிலை மறிச்சுப்போடுவாங்கள்."

"நீட்டலாமாம் மாமா. நான் விசாரிச்சனான். ஒன்லைனிலையே செய்யலாமாம்."

"சட்டம் தெரியாமல் கதைக்காதை!"

சட்டம் லெனாட்டுக்குத்தான் தெரியும். கனடாவிலிருந்து கிளம்பி, பாங்கொக், பாலி என்று மேய்ந்துவிட்டுக் குருநகரில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் வீட்டில் வேறு கதையே இல்லை. எந்த நாடு விசா இல்லாமல் எத்தனை நாள் விடும், எங்கே எல்லையை ஒருதரம் தாண்டிவிட்டு வந்தால் நாட்கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதையெல்லாம் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு, ஜெசிதாவின் தாய் அற்புதராணிக்கு விளக்கினார். அரைக் காற்சட்டையோடு தேவாலயப் பூசைக்குப் போய்ப் பங்குச் சுவாமிக்கும் விளக்கினார். "இலங்கைதான் சுவாமி பெரிய கஞ்சன். இஞ்சை பிறந்த எனக்கே முப்பது நாள்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஜெசிதாவின் தகப்பன் கிறிஸ்ரோபரைக் கடல் கொண்டுபோய்விட்டது. "மருமகளைக் கையைப் பிடிச்சுப் பீடம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போறது நான்தான்" என்று லெனாட் வட்ஸ்அப்பில் முழங்கினார். அதை நம்பி, உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமையில் கலியாணம் குறித்தார்கள். வந்து இறங்கி, கணவாயும் நண்டும் மூக்குமுட்டத் தின்ற பிறகுதான், தன் விசா அதுவரை தாங்காது என்ற ஞானம் மாமாவுக்குப் பிறந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்திலேயே தாலி கட்டலாமா என்று அற்புதராணி சுவாமியிடம் ஓடினாள். "கட்டலாம். ஆனால் பீடத்திலை பூ இல்லை, மேளதாளம் ஒண்டும் இல்லை" என்றார் சுவாமி. மாப்பிள்ளை வீடு கொதித்தது. "கலியாணம் நடத்துறியளோ, செத்தவீடு நடத்துறியளோ?" கலியாணத் திகதி மாறவில்லை. அந்தப் பேச்சையும் விழுங்கிக்கொண்டுதான் ஜெசிதா இப்போது பெட்டியை இழுத்தாள்.

"தம்பி, தகப்பன்ரை இடத்திலை நிக்க உன்னை விட்டால் அவளுக்கு ஆர்?" அற்புதராணியின் குரல் உடைந்தது.

"நான் என்னக்கா செய்ய? அரசாங்கம் போ எண்டுது. எனக்கு நெஞ்சு வெடிக்குது."

நெஞ்சு வெடித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வானை உரசுவதுபோல வந்து நின்றது. காணித் தரகர் பொன்னம்பலம்.

"அண்ணை! சொல்லாமல் வெளிக்கிட்டிட்டியளே! கொக்குவில் காணிக்காரர் ஓம் எண்டிட்டார். இனி உங்கடை பேரிலை உறுதி எழுதுறதுதான்."

லெனாட்டின் முகம் செத்தது. "உதைப் பிறகு கதைப்பம். நீர் இப்ப போம்!"

ஜெசிதா பெட்டியை விட்டாள். தரகரை வீதியோரமாகக் கூட்டிப்போய் ஏதோ கேட்டாள். பொன்னம்பலம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

திரும்பி வந்தவள் பெட்டியைத் தானே தூக்கி வானுக்குள் எறிந்தாள்.

"ஏறுங்கோ மாமா. என்னை அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவா."

"பிள்ளை, நான் வந்து..."

"ஏறச் சொன்னனான்!"

ஏறினார். ஆசீர்வதிப்பதற்காகக் கையைத் தூக்கினார். ஜஸ்ரின் கதவை அடித்துச் சாத்தினான். வான் வளைவில் மறைந்தது.

அற்புதராணி மகளின் தோளில் ஒன்று வைத்தாள். "என்னடி பழக்கம் இது? விசா முடிஞ்சு தவிச்சுப் போற மனிசனை இப்பிடியோ அனுப்பிறது?"

"வெளிநாட்டுக்காரருக்குக் காணி எழுத ஏலாதே எண்டு தரகரைக் கேட்டனான் அம்மா. உன்ரை தம்பி போன வரியமே இரட்டைக் குடியுரிமை எடுத்திட்டாராம். எங்கடை நாட்டுப் பாஸ்போட்டிலைதான் வந்து இறங்கினவராம். அவருக்கு விசாவே தேவையில்லை. சாகுமட்டும் இஞ்சை இருக்கலாம்."