சர்க்கரை இல்லாத மனுஷனுக்கு இன்சுலின்

"அவருக்குச் சர்க்கரையே கிடையாது சிஸ்டர்! வேற யாருக்கோ ஏத்தவேண்டியதை இவருக்கு ஏத்தறீங்க."

வெல்டரின் மனைவி போட்ட சத்தத்தில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவு அது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிய வெல்டர் கண் திறக்காமல் கிடந்தான். வாயில் செருகிய குழாய் வழியாக மூச்சு போய்வந்துகொண்டிருந்தது.

"இவருக்குத்தான் அக்கா. பெரிய அடி பட்டா உடம்பு மிரண்டுபோய், சேர்த்து வச்ச சர்க்கரையை ரத்தத்துல கொட்டிடும். அப்படியே விட்டா புண்ணு ஆறாது, சீழ் பிடிக்கும்."

"அப்ப மொத்தமாக் குறைச்சிடுங்க."

"ரொம்பக் குறைஞ்சா உயிருக்கே ஆபத்து. மயக்கத்துல இருக்கறவர் தலை சுத்துதுன்னு சொல்லவா போறார்? அதான் அடிக்கடி விரல்ல குத்திப் பார்க்கறோம்."

ஏறினாலும் வம்பு, இறங்கினாலும் வம்பு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல வெளியே வந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனார் கேட்டாள். "என்ன அண்ணி, அண்ணனுக்குச் சர்க்கரை இருக்காமா?"

"இருக்காம். ஆனா வியாதி இல்லையாம்."

"நல்ல கதை! எனக்கு இத்தனை வருஷமா இருக்கு, ஒரு டாக்டரும் இப்படி இனிக்க இனிக்கச் சொன்னதில்லையே. இந்தாங்க, ஆரஞ்சை உரிச்சுச் சாப்பிடுங்க. நீங்களும் விழுந்தா உள்ளே கட்டில் காலி இல்ல."

சாப்பிட்டாள். கதவருகே இருந்த கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போய், கணவனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

சற்று நேரத்தில் நர்ஸ் வந்தாள். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு எடுத்தாள். மெஷின் நானூறைத் தாண்டிக் காட்டியது.

"இப்பதானே நூத்தி அறுபது இருந்துச்சு?" இன்சுலின் பம்பை நோக்கிப் போன கை நடுவிலேயே நின்றது. "அக்கா, வாயில ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஐயோ, குழாய் இருக்கற வாயில எதை ஊத்துவேன்? கையைத்தான் பிடிச்சேன்."

நர்ஸ் குனிந்து அவன் விரலை முகர்ந்தாள். "ஆரஞ்சு சாப்பிட்டீங்களா? கை கழுவலையா?"

"வாசல்ல இருந்த மருந்தைத் தேய்ச்சேனே!"

"அது கிருமிக்குத்தான். சாறு அப்படியே இருந்து அவர் விரல்ல ஒட்டிக்கிச்சு, ஸ்பிரிட்டுக்கும் போகலை."

"என் கை பட்டதுல அவருக்கு ஏறிடுச்சா?"

"அவருக்கு ஏறலை, மெஷின்லதான் ஏறிடுச்சு."

"ஏறினது ஏறலையா? எனக்கு ஒண்ணும் விளங்கலையே, சிஸ்டர்."

அவன் மணிக்கட்டில் செருகியிருந்த குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தாள் நர்ஸ். நூற்று ஐம்பத்தெட்டு. பெருமூச்சு விட்டாள். "அந்த நானூறை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தா..."

மனைவி ஓடிப்போய் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு வந்தாள். அதற்குள் நர்ஸ் அவன் கையையும் கழுவித் துடைத்திருந்தாள்.

"இப்ப பிடிச்சுக்கங்க அக்கா."

மனைவி நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள்.

"நான் பாதத்தைப் பிடிச்சுக்கறேன். அங்கே குத்த மாட்டீங்கல்ல?"