அண்ணனின் ஜெர்மன் கார்

பெயின்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நிறம் பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. திடீரென்று ஒரு நாள் ஆலையை நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர அதே. கம்பெனி பஸ் ஷிஃப்ட் ஆட்களுக்குத்தான். மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். லாரிகளுக்கு நடுவே அவளுடைய சின்னக் கார் காற்றில் ஆடி ஆடிப் போகும். வீடு வந்து சேரும்போது தோள்பட்டை கல்லாக இறுகியிருக்கும். சாலையைக் கவ்விக்கொண்டு ஓடுகிற கனமான ஜெர்மன் செடான் ஒன்று, பழசானாலும் பரவாயில்லை, வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள். அதை வீட்டில் வாயைத் திறந்து சொன்னதுதான் வினையாகிப் போனது.

அண்ணனிடம் அப்படி ஒரு கார் இருந்தது. அதையே வாங்கிக்கொள் என்றான். டைல்ஸ் கடைக்காரன். அவனுக்கும் அவள் கணவனுக்கும் ஏழாம் பொருத்தம். இவர்கள் வீடு கட்டியபோது அண்ணன் கடையிலிருந்து இறக்கிய டைல்ஸ் முதல் மழையிலேயே கூடத்து நடுவில் உப்பிக்கொண்டு எழுந்துவிட்டது. கணவன் இயற்பியல் வாத்தியார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தில் நின்று காலால் தட்டுவான். “டொக்கு டொக்குனு கேக்குதா? எங்க மச்சான் சரக்கு.” அண்ணன் தன் பங்குக்கு மாப்பிள்ளையை ‘சாக்பீஸ்’ என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்கள். கழுவித் துடைத்த சாம்பல் நிறக் கார் பளபளவென்று நின்றது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின்கதவருகே நின்றாள்.

“அண்ணா, இந்தக் கதவு மட்டும் வேற கலரா இருக்கே. மத்ததுல லேசா நீலம் ஓடுது. இதுல இல்ல.”

“அந்தப் பக்கம் வெயில் படும், பாப்பா. வெளுத்திருக்கும்.”

“வெளுத்தா இப்படி ஆகாது. மறுபடி அடிச்சிருக்காங்க.”

கணவன் முகத்தில் விளக்கு எரிந்தது. “இடிச்ச வண்டியா மச்சான்? சொந்தத் தங்கச்சிக்கே பட்டி பார்த்து விக்கிறீங்களா?”

“சைக்கிள் தவிர வேற எதையும் ஓட்டாதவங்க எல்லாம் வண்டியப் பத்திப் பேச வந்துட்டாங்கப்பா” என்று அண்ணன் வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

“நெடுஞ்சாலையில ஓட்டிப் பாக்கலாம்” என்றாள் அவள். இருவருக்கும் அதில் சம்மதம். அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். கணவன் அவன் பக்கத்தில். வாங்கப்போகிறவளுக்குப் பின்சீட்டு.

நகர எல்லையைத் தாண்டியதும், “நான் ஓட்டறேன், நிறுத்துண்ணா” என்றாள்.

“இரு பாப்பா, வண்டி கொஞ்சம் சூடாகட்டும்.”

“மச்சான் ஓட்டினப்புறம் நான் பாக்கறேன். நீ அப்புறம் பாரு” என்றான் கணவன்.

அதன் பிறகு அவள் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். டைல்ஸில் தொடங்கி, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை யார் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்குப் போய், அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது வரை போயிற்று. அப்பா பெயர் அடிபட்டதும் அண்ணனின் கழுத்து சிவந்தது. சட்டென்று ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். இருவரும் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்கள். அவளும் இறங்கினாள்.

“சாவியக் குடுங்க. நானே ஓட்டி உங்க வண்டி லட்சணத்தக் காட்டறேன்” என்றான் கணவன்.

“உங்க கையில என் வண்டியா? அதுக்கு இதத் தூக்கிப் போட்டுடலாம்!”

அவன் சாவியைப் பிடுங்கக் கை நீட்டினான். அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டான். சாவி வெயிலில் ஒருமுறை மின்னி, சரிவில் இருந்த முட்புதருக்குள் விழுந்தது.

ஆண்கள் இருவரும் சரிவில் இறங்கித் தேடத் தொடங்கினார்கள். அவள் மேலேயே நின்று சாவி விழுந்த திசையை நினைவுபடுத்திப் பார்த்தாள். இவர்கள் தேடும் இடத்துக்கு வெகு முன்னாலேயே அது கிளையில் பட்டுத் தெறித்ததாக ஞாபகம். நான்கடி இறங்கினாள். கல் இடுக்கில் கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

கூப்பிடத்தான் வாயெடுத்தாள். அப்போது கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது.

“எல்லாம் உங்க பொண்டாட்டியால வந்தது. கலர் சரியில்லையாம் கலர். இவளுக்கு எதுக்கு ஜெர்மன் கார்?”

“நானும் அதத்தான் சொன்னேன் மச்சான். ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டு வாரக் கடைசியில வான்னு. கேட்டாத்தானே? தலைக்கனம்.”

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”

அவர்கள் ஒத்துப்போய்ப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு காருக்குப் போனாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். இன்ஜின் சத்தம் கேட்டு இருவரும் தலை தூக்கியபோது அவள் சாலையில் ஏறிவிட்டிருந்தாள்.

அலறி அலறி ஓய்ந்த கைபேசியைப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்துப் போட்டாள். பெரிய லாரி ஒன்று உரசுவது போலக் கடந்தபோதும் கார் அசையவில்லை. இந்த மாதிரி வண்டிதான் வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வேகம் ஏற ஏற ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை அழுத்தியபோது இன்னும் மோசம். அண்ணனுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தேதான் இதில் தினமும் அவளைப் போகச் சொன்னான். ஆலை வாசல் வரை போய், திரும்பி நிதானமாக வந்தாள்.

இருவரும் வேர்த்து, முகமெல்லாம் புழுதியாக நின்றிருந்தார்கள். அண்ணன் முழங்கையில் முள் கீறி ரத்தம்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று கத்தினான் கணவன்.

“இறங்கு. நான் ஓட்டறேன்” என்றான் அண்ணன்.

“ஏறினா ஏறுங்க. இல்லன்னா பஸ் வரும்.”

ஏறினார்கள். வழி நெடுக இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். வீட்டு வாசலில் நின்ற அண்ணியிடம் சாவியைக் கொடுத்து, “வண்டி இடது பக்கம் இழுக்குது அண்ணி. நீங்க இதுல ஏறாதீங்க” என்றாள். அண்ணி புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் உள்ளே போய்விட்டான்.

தங்கச்சி காரைத் திருடிக்கொண்டு ஓடினாள் என்று அண்ணன் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லித் தீர்த்தான். அந்தக் கார் ஷெட்டிலேயே நின்றது. கணவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சாப்பிட்ட தட்டை ‘டணார்’ என்று வைப்பது மட்டும்தான் அவன் பேச்சு. அவள் விடுமுறை நாளில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவரிடம் வேறொரு ஜெர்மன் கார் வாங்கினாள். கரும்பச்சை. எல்லாக் கதவும் ஒரே பச்சை.

திங்கட்கிழமை காலை அவள் அதைக் கிளப்பியபோது கணவன் பையோடு படியில் வந்து நின்றான்.

“என்னப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டுப் போயேன்.”

பள்ளிக்கூடம் அவள் போகும் வழியில்தான் இருந்தது.

“எனக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.