ஒரே ப்ளக் பாயிண்ட்

செந்தமிழ்ச்செல்வி துப்பட்டாவுக்குள் மறைத்துக் கைப்பேசியைப் பார்த்தாள். மூன்று சதவீதம். கூடத்தின் ஒரே ப்ளக் பாயிண்டில் அப்பாவைக் கிடத்திய ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று கரும்புக் கொல்லையில் விழுந்த கந்தசாமி எழவே இல்லை. ஜெர்மனியில் மண்ணியல் படிக்க மகளுக்குக் கிடைத்த இடத்தை இன்று மாலை ஐந்துக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

எழுந்தாள், உட்கார்ந்தாள், வாசலுக்குப் போய்த் திரும்பினாள். போனால் இரண்டு வருஷம் அம்மா ஒற்றை ஆளுக்கு உலை வைப்பாள். போகாவிட்டால், அப்பாவின் கொல்லை ஏன் ஓரமெல்லாம் உப்புப் பூக்கிறது என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டில் சார்ஜ் போடக் கேட்கவும் வாய் வரவில்லை. சாமி மாடத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தத் துணியைப் பார்த்தே வேண்டிக்கொண்டாள்.

"வெளிநாட்டுப் படிப்பெல்லாம் இனிமே இன்னாத்துக்கு? எங்கக்காவுக்கு யாரு இருக்கா?" என்றார் மாமா தீனதயாளன்.

"உம் பொண்ண மட்டும் துபாய்ல கட்டிக் குடுத்துட்டு வந்தியே," என்றாள் பக்கத்து வீட்டுச் செவ்வந்தி.

மணலூர்பேட்டை ஸ்டுடியோ பகலவன் கண்ணீர் அஞ்சலி பேனரோடு வந்தான். வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரிய, சிரிக்காத அப்பா.

"இது எப்ப எடுத்ததுண்ணா?"

"போன வாரம்மா. 'பாப்பாவுக்கு எடுத்த மாதிரியே பாஸ்போர்ட்டுக்கு எடுப்பா'ன்னாரு. 'இன்னா பெரியப்பா, நீங்களும் படிக்கப் போறீங்களா?'ன்னேன். 'பாப்பா போயிட்டா ஒரு தபா போய்ப் பாக்காம இருக்க முடியுமா'ன்னு சிரிச்சாரு. அதுல சிரிக்கக் கூடாதே... மூணு தபா எடுத்தேன்."

காசைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், தானே ஏணி வைத்துப் பேனரைக் கட்டினான்.

தலைமாட்டிலிருந்த கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

மூன்றரைக்கு எடுத்தார்கள். மேளச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்தது. ஐஸ் பெட்டிக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். வீடு கழுவப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். செல்வி சுவரோரம் நின்றாள். கைப்பேசி அணைந்திருந்தது.

"சித்த நேரம் இருங்கடி."

கொளஞ்சியம்மாள் மகளின் கையிலிருந்ததை வாங்கினாள். சார்ஜரைத் தேடி எடுத்து ப்ளக்கில் செருகினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரம் படாமல் கைப்பேசியை அதன்மேல் வைத்தாள்.

"இப்ப ஊத்துங்க," என்றாள்.