உரிக்காத பிளாஸ்டிக்

எமர்சன் புது வண்டி வாங்கியதில் டெல்ஃபினுக்கு வருத்தம் எதுவும் இல்லை. பாட்டு சிஸ்டத்தையும் வண்டியோடு சேர்த்தே வாங்கிவிட்டானே, அதில்தான் வயிறு எரிந்தது.

லிப்பா நகரில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை டெல்ஃபினுடையது. எமர்சன் அவன் மனைவி லோர்னாவின் அண்ணன், கப்பலில் வேலை. லீவில் வந்த கையோடு எடுத்த வண்டியில் கம்பெனிக்காரனே மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருந்தான். சொந்த மச்சானே கம்பெனி சவுண்டு போதும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தால், அப்புறம் கடைப்படியை எவன் மிதிப்பான்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மந்திரிக்க ஃபாதர் சிப்ரியானோ வந்தார். தீர்த்தம் தெளித்து முடிந்து, சுட்ட பன்றியும் பீரும் உள்ளே போனதும் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

"மாப்ளே, இது எஞ்சினியருங்க உக்காந்து யோசிச்சு வெச்சது. உன்ன மாதிரி கதவப் பேத்து ஒயரத் தொங்க விட்டுட்டுப் போகல," என்றான் எமர்சன்.

"யோசிச்சாங்கதான் மச்சான். காகித ஸ்பீக்கர என்ன விலைக்கு உன் தலைல கட்டலாம்னு யோசிச்சாங்க."

"அப்ப உன் வண்டியக் கொண்டா. ஃபாதர் கேட்டுச் சொல்லட்டும்."

கோயில் பாடகர் குழு ஃபாதர் வளர்த்தது. யாராவது சுருதி தப்பினால் பூசை நடுவிலேயே திரும்பி முறைப்பார். அவர் சொல்லைத் தெருவில் யாரும் தட்டமாட்டார்கள். டெல்ஃபினின் வண்டி வெளியே துருப்பிடித்த தகரம்தான். ஆனால் இத்தனை வருஷம் சம்பாதித்ததெல்லாம் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தது.

ஃபாதர் முதலில் டெல்ஃபின் வண்டியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பாஸ் ஸ்பீக்கர் அடித்த அடியில் அங்கியின் பொத்தான்கள் நடுங்கின. இறங்கி எமர்சன் வண்டிக்கு வந்தார். அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தபோதுதான் டெல்ஃபின் அதைப் பார்த்தான்.

சீட்டில் பிளாஸ்டிக் உறை இருப்பது ஊர் வழக்கம். புது வண்டியில் அதை உரிக்கிறவன் லிப்பாவில் கிடையாது. எமர்சன் ஒருபடி மேலே போயிருந்தான். கதவிலும் டாஷ்போர்டிலும் ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் தொடவில்லை. அது ஒவ்வொரு ஸ்பீக்கரின் வாயையும் இறுக்கி மூடியிருந்தது. டெல்ஃபின் சொல்ல வாயெடுத்தான். கடை ஞாபகம் வந்தது. கதவைச் சாத்தினான்.

"பாவம், பாடுற பொண்ணுக்கு ஜலதோஷம் மாதிரி இருக்கு," என்றபடி இறங்கினார் ஃபாதர். "டெல்ஃபினோடதுதான் ஒசத்தி."

தெரு கைதட்டியது. எமர்சன் முகம் தொங்கிப் போனது. டெல்ஃபின் மிச்ச பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை எமர்சன் வண்டியோடு கடைவாசலில் நின்றான். "எல்லாத்தையும் பிடுங்கி எறி மாப்ளே. உன்னோடத மாட்டு." சாவியைக் கையில் திணித்துவிட்டு எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போனான்.

டெல்ஃபின் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். கீழே வைத்தான். ஒரு தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். அப்புறம் கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு நேற்றைய அதே பாட்டை வைத்தான். பாடுகிறவள் மூச்சை இழுப்பது கேட்டது. கிடார் கம்பியில் விரல் நகர்வது கேட்டது. தன் வண்டியில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அவள் இந்த இடத்தில் மூச்சு விடுகிறாள் என்பது அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பொறாமையில் கண் கலங்கிவிட்டது.

காலைச் சாப்பாட்டோடு வந்த லோர்னா, குப்பைக்கூடையில் சுருண்டு கிடந்த தாளைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அதற்குள் எமர்சனே வந்துவிட்டான். பாட்டைக் கேட்டு அப்படியே நின்றான். "இதுக்குப் பேருதான் சவுண்டு. அதுக்குள்ள மாட்டிட்டியா?"

"நான் எதையும் மாட்டல மச்சான். இது கம்பெனி வெச்சதுதான்." டெல்ஃபின் கூடையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். "இது வாய அடைச்சிட்டிருந்துச்சு. நேத்தே பார்த்தேன், சொல்லல. ஜெயிச்சது நீதான். ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன்."

எமர்சன் தாளைப் பார்த்தான். வெறும் கதவைப் பார்த்தான். உதடு துடித்தது. டெல்ஃபின் அறை வாங்கத் தயாராக நின்றான்.

"உரிச்சிட்டியா?"

"மச்சான், சவுண்டு..."

"சவுண்டு கெடக்கட்டும். புது வண்டிடா இது. இனிமே புதுசுன்னு எவன் நம்புவான்? அடுத்தவன் ஓட்டுன வண்டிய வாங்கிட்டு வந்தேன்னு கப்பல் பூரா பேசுவானுங்க."

லோர்னா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மத்தியானம் வரை டெல்ஃபின் அந்தக் கசங்கிய தாளை ஈரத்துணியால் நீவி, ஓரங்களில் டேப் போட்டு, ஸ்பீக்கர் ஸ்பீக்கராக ஒட்டினான். மச்சான் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தான். ஒரு இடத்தில் காற்றுக்குமிழ் தெரிகிறது என்று பிரித்து ஒட்டவும் வைத்தான். கடைசியில் பாட்டைப் போட்டார்கள். பாடகிக்கு மறுபடி ஜலதோஷம் பிடித்திருந்தது.

"இப்ப சரி," என்றான் எமர்சன் நிம்மதியாக. சாவியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "ஆனா மாப்ளே, நியாயமாச் சொல்லணும்னா உன் வண்டி சவுண்டுதான் ஒசத்தி. கேக்கறவன்கிட்ட நான் அப்படித்தான் சொல்லுவேன்."

டெல்ஃபின் இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்து, ஓரத்தை நன்றாக அழுத்தி ஒட்டினான்.