கெசையா வீட்டில் பெப்பர்மிண்ட் வாசம்

1
ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருபது வருடம் சுகாதார ஆய்வாளனாக இருந்தேன். பழைய பதிவேடொன்றில், 1874ஆம் வருடப் பக்கத்தில் ஒரு வரி: 'ஏழாம் எண் வீடு. பெப்பர்மிண்ட் சோதனை. குழாய் மாற்றப்பட்டது.' மற்றதெல்லாம் என் கற்பனை. எங்கள் தொழில்காரர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

2
"சாக்கடை நாற்றத்தில் மூழ்கிய அந்தச் சந்தில்..."

(வேண்டாம். அங்கே குடியிருந்தவர்களை நாற்றத்தை வைத்து அறிமுகப்படுத்துவது மரியாதையில்லை.)

கெசையா மார்ல் துணி வெளுப்பவள், விதவை. சமையலறைக் கல்தரையைத் தினமும் இரண்டு தடவை சோடா போட்டுத் தேய்ப்பாள். மகள் ஹெட்டிக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த க்ரௌச் வந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தார் காதுபடச் சொன்னார்: "வீட்டை அழுக்கா வச்சிருந்தா காய்ச்சல் வராம என்ன வரும்?"

துணி வெளுப்பவளைப் பார்த்தா அந்தச் சொல்! மறுநாளே சுகாதார ஆய்வாளர் ஈனாக் டாப்லி முன்னால் போய் நின்றாள்.

3
டாப்லியை முதலில் வீரராக எழுதினேன். அடித்துவிட்டேன். க்ரௌச் நகர்மன்ற உறுப்பினர். நினைத்தால் டாப்லியின் வேலைக்கே உலை வைப்பார். ஆகவே டாப்லி பயந்தார். பயந்துகொண்டே போனார். (பயப்படாத ஆய்வாளரை நான் பார்த்ததில்லை.)

தரைக்கடியில் ஓடும் கழிவுக்குழாய் உடைந்திருக்குமோ என்று டாப்லி கேட்டார். அதில் ஒரு குறையும் இல்லையென்று க்ரௌச் சாதித்தார். டாப்லி வாதாடவில்லை. க்ரௌச்சையும் கெசையாவையும் சமையலறையில் நிற்கவைத்துவிட்டு, கொல்லைக் கழிப்பறையில் பெப்பர்மிண்ட் எண்ணெயை ஊற்றி, மேலே கொதிநீர் விட்டார். குழாய் நன்றாக இருந்தால் வீட்டுக்குள் வாசம் வரக்கூடாது. தன் கையில் எண்ணெய் வாசம் ஒட்டியிருக்கும் என்பதால் அவர் உள்ளே வராமல் கொல்லையிலேயே நின்றார்.

ஐந்து நிமிடம். கல் இடுக்குகளிலிருந்து வாசம் கமகமவென்று எழுந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் க்ரௌச்.

உள்ளறையில் படுத்திருந்த ஹெட்டி கேட்டாள்: "அம்மா, யாரு மிட்டாய் வாங்கிட்டு வந்தது?"

கெசையா க்ரௌச்சை நிமிர்ந்து பார்த்தாள். "அழுக்கு என் தரைக்கு மேல இல்லைங்கய்யா. உங்க தரைக்குக் கீழ இருக்கு."

4
க்ரௌச் அழுது மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, கிழித்தேன். இன்னொன்றில் ஹெட்டியின் காய்ச்சல் முற்றி அவள்...

(இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கதை எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரமாவது வேண்டும்.)

குழாயை மாற்றச் சொல்லி க்ரௌச்சுக்கு டாப்லி பயந்துகொண்டேதான் நோட்டீஸ் எழுதினார், ஆனாலும் கையெழுத்திட்டார். தரை பெயர்க்கப்பட்டது. நொறுங்கிக் கிடந்த குழாயைச் சந்தே கூடிப் பார்த்தது. புதுக்குழாய் பதித்து முடித்ததும் மேற்பார்வையிட க்ரௌச் வந்தார். கெசையா கதவைத் திறந்தாள். தரை அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்றாள்.

கழற்றினாரா, திரும்பிப் போனாரா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாசலை மறித்து நின்ற கெசையாவை மட்டும் நகர்த்திவிடாதீர்கள்.