அக்கா கட்டிய மாடி

தங்கையை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே அக்காதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களை ஆராய, கணினிக்குள் ஒரு மொட்டைமாடியைக் கட்டியவள் அக்கா. சுற்றுச்சுவர் கிடையாது. கண்ணை மூடும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு விளிம்பில் நின்றால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கால் உதறும். ஆனால் ஆய்வகத்துக்கு நேரில் வர வேண்டும். ஒருவர் இறங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். நேற்று வந்த தங்கை, அந்த மாடியைத் தூக்கி பிரவுசருக்குள் வைத்துவிட்டாள். லிங்க்கைத் தட்டினால் போதும், போனிலிருந்தே இருபது பேர் ஒன்றாக ஏறி நிற்கலாம்.

இன்று திறப்பு. "சின்னவ கலக்கிட்டா!" என்று பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். பெரியவள் ஒருத்தி இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அக்காவுக்கு வயிறு எரிந்தது. கட்டினவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா? முதல் நாளே யாராலும் நுழைய முடியவில்லை என்று புகார் வந்தால் போதும், பேராசிரியர் பழைய கருவிக்கே திரும்பிவிடுவார்.

தன் கணினியில் அதே லிங்க்கை மளமளவென்று டேப் மேல் டேப்பாகத் திறந்தாள். ஒரு டேப், ஓர் ஆள் கணக்கு. மாடியில் பெயரில்லாத வெள்ளைத் தலைகள் முளைத்துக்கொண்டே போயின.

"அக்கா! திறந்த உடனே ஃபுல்லு!" பக்கத்து மேசையில் தங்கை துள்ளினாள். அதைப் பார்க்க இவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போன் செய்தாள். கால் முடியாமல் வீட்டோடு கிடப்பவள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, உள்ள இடமில்லங்குது? இத்தனை வருஷமா நீ என்னதான் பண்றேன்னு கேட்டா, வந்து பாத்தாதான் புரியும்னுவ. நான் எங்கடி வர்றது? இன்னிக்குத்தான் சின்னவ லிங்க் அனுப்பினா. 'அக்கா கட்டிய மாடி'ன்னு வாசல்லயே பெருசா போட்டிருக்கு. உள்ளதான் விட மாட்டேங்குது."

இருபது தடவை அந்த வாசலைத் தாண்டியவள், ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை. ஒரு டேப்பை மூடினாள்.

"இப்ப தட்டும்மா."

அம்மா மாடிக்கு வந்துவிட்டாள். தலைகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி நகர்ந்தாள்.

"யப்பா, என்ன உயரம்! ஏண்டி, ஒருத்தருமே பேச மாட்டேங்கறாங்க? இதுல நீ யாரு?"

தங்கை எழுந்து வந்தாள். திரையின் மேலே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற டேப் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, போன் பக்கம் குனிந்தாள்.

"எல்லாமே அக்காதாம்மா. உனக்கு இடம் புடிச்சு வெச்சிருந்தா."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவால் தாங்கியிருக்க முடியும்.