மழைக்குத் திறக்கும் குழாய்

காட்டிலிருந்து இறங்கிவரும் பவானி ஆறு, சுப்பண்ணனின் வாழைத்தோட்டத்தை ஒட்டி வளைந்து போகிறது. ஊரில் ஆற்றுப் பாதுகாப்புக் குழு தொடங்கியபோது அவரைத்தான் தலைவராக்கினார்கள். அதனால்தான் செத்த கெண்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு இருதயம்மாள் அவரிடம் வந்தாள். அவளும் மகன் லியோவும் பரிசலில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள்.

“ஏனுங்கண்ணா, மழ பேஞ்சாலே இப்படி மெதக்குதுங்க. பரிசல்காரங்க என்ன பண்றதுங்க?”

அடுத்த மழையில் சுப்பண்ணன் கரையோரமாகவே மேலே நடந்தார். நாணல் புதருக்குள் ஒரு குழாய் நீலத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. அது எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று பார்த்ததும் நின்றுவிட்டார். மகள் பிரவீனாவைக் கட்டிக்கொடுத்த தனபாலின் சாயப்பட்டறை.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

“தெரியும்ங்கப்பா,” என்றாள் பிரவீனா. “மழ வந்தா வெள்ளத்தோட போயிரும்னு தொறந்துடுவாங்க.”

“தெரிஞ்சும் சொல்லலியே கண்ணு?”

“சொன்னா நீங்க சும்மா இருக்கமாட்டீங்கன்னுதானுங்க.”

ஆனால் அவர் சும்மாதான் இருந்தார். புகார் எழுதாமல் மருமகனைப் போய்ப் பார்த்தார். தனபால் காபி கொடுத்து உபசரித்தான்.

“இனி ஒரு சொட்டு விடமாட்டோமுங்க மாமா. வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு ஊட்டுக்கும் அசிங்கமுங்க.”

அதை நம்பி, எல்லாம் சரியாகிவிடும் என்று இருதயம்மாளிடம் சொன்னார்.

மறுபடி மழை வந்தது. வலை எடுக்கத் தண்ணீரில் இறங்கிய லியோவின் கால்கள் வெந்து கொப்பளித்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருதயம்மாள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். சுப்பண்ணன் அவள் முன்னால் போய் நின்றார்.

“எம்மருமகன் பட்டறைக் கொழாய்தான் ஆத்துல சாயத்த விடுதுங்கம்மா. முந்தியே எனக்குத் தெரியும்.”

அவள் ஜெபமாலையை மடியில் வைத்தாள். “அப்ப எம்மவன் காலுங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து நேராக மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், தன் பெயரிலேயே புகார் கொடுத்தார்.

பட்டறைக்குச் சீல் வைத்த அன்று சாயங்காலம் தனபாலின் கார் வந்தது. பிரவீனாவையும் ஒரு பெட்டியையும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவள் அப்பாவைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லியோ நடக்க ஆரம்பித்தான். ஆனால் வலையில் மீன் விழவில்லை. பட்டறையில் வேலை இழந்தவர்கள், டீக்கடையில் சுப்பண்ணனைக் கண்டால் எழுந்து போனார்கள். குழுக் கூட்டத்துக்குப் பரிசல்காரர்களைத் தவிர யாரும் வரவில்லை.

கூட்டம் முடியும் நேரத்தில் பிரவீனா வந்து இருதயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“மேக்க இன்னும் ரெண்டு பட்டறைக இதையேதானுங்க பண்றாங்க,” என்றாள். “எடம் எனக்குத் தெரியும். நாளைக்கு வாங்க, காட்டறேன்.”